இடவழிக்குள்ள வந்த கார்

திற்பரப்பு அருவிக்கு வர்ற வெளியூர்க்காரங்க ஊருக்குள்ள வழி தப்பி வந்துட்டா முதல்ல கேக்குறது, "எதிர்ல வண்டி வந்தா எப்படிங்க ஒதுங்குவீங்க?"ன்னுதான். நியாயமான கேள்வி. ரெண்டு பக்கமும் கையாலை, நடுவுல இடவழி. கையாலைன்னா புரயிடத்தைச் சுத்தி மண்ணும் கல்லும் வச்சுக் கட்டின சுவர். எங்க அக்கா வீட்டுக்குப் போற இடவழி ஆறடி அகலம், நடுவுல ஒரு வளைவு வேற. இந்த ஆறடியை வச்சுத்தான் நான் காரோட சரித்திரத்தைப் படிச்சேன்.

1985 ஆனி மாசம், நல்ல மழை. ராத்திரி அக்காவுக்கு வலி எடுத்துட்டு. நான் குலசேகரத்துக்கு சைக்கிள் மிதிச்சு டாக்சிக்காரரை எழுப்பிக் கூட்டிட்டு வந்தேன். வந்தது அம்பாசிடர். இங்கிலாந்துல மோரிஸ் ஆக்ஸ்போர்டுன்னு ஓடின வண்டியத்தான் 1957 வாக்குல இருந்து வங்காளத்துல உத்தரபாராவுல அம்பாசிடர்னு செஞ்சிட்டு இருந்தாங்க. நல்ல உறுதி, ஏழு பேர் ஏறினாலும் முனகாது. ஆனா அகலம் அஞ்சரை அடி. டிரைவர் வளைவைப் பாத்துட்டு, "உள்ள ஏத்தினா பொறவு எடுக்க ஒக்காது, பிள்ளைய தூக்கிட்டு வாரும் ஓய்"ன்னு சொல்லிட்டாரு. வீட்டுல இருந்த மர நாற்காலியில அக்காவை உக்கார வச்சு, நானும் அத்தானும் இன்னும் ரெண்டு பேரும் ரோடு வரைக்கும் தூக்கினோம். ஒருத்தன் மேல தார்ப்பாய பிடிச்சிட்டே வந்தான். விடியறதுக்கு முன்னால மருமகன் பிறந்துட்டான். அவன் கதைக்குப் பொறவு வாறேன்.

அந்தக் காலத்துல நாட்டுல ஓடினது மூணு காருதான்னு சொல்லலாம். அம்பாசிடர், பம்பாயில செஞ்ச ஃபியட் (அதுதான் பின்னால பிரீமியர் பத்மினி), நம்ம மெட்ராஸ்ல செஞ்ச ஸ்டாண்டர்டு ஹெரால்டு. காசு கட்டிட்டு வருஷக்கணக்குல காத்துக் கிடக்கணும். சின்ன கார் வேணும்னு யோசிச்ச ஆள் நம்ம பக்கத்துல இல்லாம இல்ல. கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு 1952-லயே ரெண்டு பேர் போற கார் ஒண்ணு செஞ்சு காட்டினாரு, விலை ரெண்டாயிரம் ரூபாய். அரசாங்கம் லைசன்ஸ் குடுக்கல. அந்த வண்டி வந்திருந்தா எங்க அப்பா காலத்துலயே இடவழிக்குள்ள கார் வந்திருக்கும்னு எனக்கு ஒரு எண்ணம்.

அப்படி ஒண்ணு வர 1983 ஆச்சு. சஞ்சய் காந்தி 1971-ல தொடங்கின மாருதி ஒண்ணும் தேறாம கிடந்து, அவர் இறந்த பொறவு அரசாங்கம் எடுத்து, ஜப்பான் சுசூகியோட கூட்டு சேர்ந்தது. 1983 டிசம்பர் 14-ம் தேதி முதல் வண்டியோட சாவிய இந்திரா காந்தி கையால வாங்கினவர் ஹர்பால் சிங், டெல்லிக்காரர். குலுக்கல்ல அவர் பேர் விழுந்துது. விலை 47,500 ரூபாய். அது 800 சி.சி. கூட இல்ல, 796 தான்.

முதல்ல பாத்தப்போ எங்க ஊர்ல சோப்பு டப்பான்னுதான் சொன்னாங்க. ஆனா டாக்டர் வாங்கினாரு, வாத்தியார் வாங்கினாரு, கல்ஃப்ல இருந்து வந்தவங்க வாங்கினாங்க. சிரிப்பு நின்னுட்டு. அகலம் நாலே முக்கால் அடி, எடை அம்பாசிடர்ல பாதிக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். சக்கரம் ஓடையில விழுந்தா ரப்பர் பால் வெட்டிட்டு வர்ற நாலு பேரு போதும், தூக்கி வச்சுடலாம். நானும் 2004-ல ஒரு பழைய 800 வாங்கினேன். ஏத்தங்குலை, ரப்பர் ஷீட், ஒட்டுப்பால் எல்லாம் அதுலதான் போகும். ஒட்டுப்பால் நாத்தத்துல என் பெஞ்சாதி அதுல ஏறமாட்டா, அது வேற விஷயம்.

அப்புறம் நானோ. ஸ்கூட்டர்ல அப்பா, அம்மா, ரெண்டு பிள்ளைங்கன்னு நாலு பேரு மழையில போறதைப் பாத்துட்டு ரத்தன் டாட்டாவுக்குத் தோணின யோசனைன்னு அவரே சொல்லியிருக்காரு. 2008 ஜனவரியில டெல்லியில காட்டினாங்க, ஒரு லட்சம் ரூபாய் கார்னு. ஒரு விவசாயியா எனக்கு இதுல ஒரு முள்ளு உண்டு. அந்த வண்டிக்காக வங்காளத்துல சிங்கூர்ல 997 ஏக்கர் எடுத்தாங்க, நெல்லும் உருளைக்கிழங்கும் விளையுற நிலம். விவசாயிகள் போராடி, ஃபேக்டரி குஜராத்துல சானந்துக்குப் போச்சு. நிலத்தைத் திருப்பிக் குடுக்கச் சொல்லி 2016-ல சுப்ரீம் கோர்ட் சொல்லிட்டு. ஆனா கான்கிரீட் போட்ட வயலு திரும்ப வயலா ஆகுறது லேசுப்பட்ட காரியமா?

முள்ளை விட்டுட்டு வண்டியப் பாத்தா, எங்க ஊருக்குன்னே செஞ்சது மாதிரி இருந்துது. அஞ்சு அடிக்குள்ள அகலம், சட்டுன்னு திரும்பும், உயரம் கூடுதல். வேட்டி கட்டின கிழவன் குனியாம ஏறலாம். 2011-ல ரப்பர் கிலோ 200 ரூபாய்க்கு மேல போச்சு இல்லியா, அந்தக் காசுல அத்தான் மஞ்சள் நானோ ஒண்ணு வாங்கினாரு. முதல் நாளு இடவழி வளைவைத் தாண்டி வீட்டு முற்றத்துல நிப்பாட்டி, ஹார்ன் அடிச்சு அக்காவைக் கூப்பிட்டாரு. அவரு சிரிச்சு நான் அப்படிப் பாத்ததில்ல.

ஆனா ஊரு விடல. "ஆட்டோவுக்கு ஒரு சக்கரம் கூட மாட்டியிருக்கு"ன்னு சாயக்கடையில பேச்சு. மறைக்க என்ன, அதுல நானும் சேர்ந்து சிரிச்சேன். 800 வச்சிருக்கிறவன் இல்லியா, பெரிய ஆளு! ரெண்டு வருஷத்துல மருமகனுக்குப் பொண்ணு பாக்கப் போனாங்க. அங்க யாரோ ஒருத்தரு "கார் வரும்னு சொன்னீங்க?"ன்னு கேட்டுட்டாராம், பக்கத்துல நானோ நிக்கும்போதே. நாற்காலியில தூக்கிட்டுப் போய்ப் பெத்த பிள்ளைதான், "இதை வித்துடுங்கப்பா"ன்னு ஒத்தக்கால்ல நின்னான். அத்தான் ஒண்ணும் பேசல. வந்த விலைக்குக் குடுத்துட்டாரு.

வண்டியில குறை இருந்துது, இல்லேன்னு சொல்லல. சிலது தீப்பிடிச்சுன்னு பேப்பர்ல வந்துது. ஆனா அதைக் கொன்னது அந்த விலைப்பட்டம்தான். 800-ஐ யாரும் ஏழைக் கார்னு விக்கல, விலை குறைவா இருந்துது, அவ்வளவுதான். நானோவுக்கு நெத்தியிலயே ஒட்டிட்டாங்க, ரொம்ப மலிவு கார்னு. அது தப்புன்னு பின்னால ரத்தன் டாட்டாவே ஒத்துக்கிட்டாரு. 2018 ஜூன் மாசம் முழுக்க சேர்த்து ஒரே ஒரு நானோதான் செஞ்சாங்க. அதுக்கு முன்னாலயே, 2014-ல, மாருதி 800-ம் அம்பாசிடரும் ஒரே வருஷத்துல நின்னு போச்சு.

இப்போ மருமகன் துபாய்ல இருந்து லீவுக்கு வந்தா வாடகைக்குப் பெரிய வண்டி எடுப்பான். அது ரோட்டுலதான் நிக்கும், அம்பாசிடர் நின்ன அதே இடத்துல. ரப்பர் நூறு ரூபாய்க்கு விழுந்த பொறவு அத்தான் வேற வண்டி வாங்கல. போன மாசம் அக்காவுக்கு முட்டு வலி ஜாஸ்தியாகி ஆஸ்பத்திரிக்குப் போகணும். காலு ஊன ஒக்கல, மழை வேற. நான் எனக்க பழைய 800-ஐ ரிவர்ஸ்ல இடவழிக்குள்ள ஏத்தினேன். மருமகன் குடை பிடிச்சுட்டு வளைவுல நின்னு, கண்ணாடிய மடக்கி விட்டு, கையாலையத் தொட்டுப் பாத்துப் பாத்துச் சொல்லிட்டே வந்தான்: "வரட்டும் மாமா, வரட்டும். இந்தப் பக்கம் இடம் இருக்கு."