முதல் மேட்ச்சில் தோற்றால் கதை முடிந்ததா?

இன்னைக்கு எபிசோடை ஒரு வாக்குமூலத்தோட ஆரம்பிக்கிறேன்.

நான் பாண்டியில் கல்லூரி படிச்சவன். எந்தக் கல்லூரின்னு கேட்காதீங்க, சொல்ல மாட்டேன். காலேஜ் பாஸ்கெட்பால் டீமில் ஆடுற உயரமும் இல்ல, திறமையும் இல்ல. ஆனா வாய் இருந்துச்சு. கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் திண்டு. சாயங்காலம் நாலு மணிக்கு ப்ராக்டிஸ் ஆரம்பிச்சா, அந்தத் திண்டில் நாங்க அஞ்சாறு பேர் டீ கிளாஸோட உட்கார்ந்துடுவோம். யார் சரியா ஓடுறான், யார் பாஸ் கொடுக்க மாட்டேங்கிறான், யாரை உட்கார வைக்கணும், எல்லாத்தையும் நாங்கதான் முடிவு பண்ணுவோம்.

நான் ரெண்டாவது வருஷம் படிச்சப்போ டீம் நல்லா இருந்தது. ஆரம்பத்தில் ஆடின ரெண்டு ஃப்ரெண்ட்லி மேட்ச்சிலும் ஜெயிச்சாங்க. "இந்த வருஷம் கப்பு நமக்குத்தான்"னு திண்டு தீர்ப்பு சொல்லிடுச்சு. அப்புறம் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி வந்தது. முதல் சுற்று. மூணு பாயிண்ட் வித்தியாசத்தில் தோத்தாங்க. கேப்டன், மூணாம் வருஷ அண்ணன், கடைசி நிமிஷத்தில் ரெண்டு ஃப்ரீ த்ரோவை விட்டார். திரும்பி வர்ற பஸ்ஸில் அதே திண்டு, அதே வாய்: "இந்த வருஷ டீம் வேஸ்ட்டு மச்சி."

அந்த வருஷத்தோட முதல் மேட்ச் அது. கடைசி மேட்ச்சும் அதுதான். ஏன்னா போட்டி நாக்-அவுட்.

இது எனக்கு ரொம்ப நாள் உறுத்தலே. ஒரு டீமை சீசன் ஆரம்பத்தில் எடை போடுறது எல்லா ஊர் ரசிகர்களும் பண்றதுதான். ஆனா நாம எடை போட்டது தப்புன்னு தெரிய அடுத்த மேட்ச் வேணுமே? அந்த அடுத்த மேட்ச் எங்க ஊர்ல ஏன் இல்லாமப் போச்சு? இன்னைக்கு நான் தேடப் போறது இதைத்தான்.

ஒரு குளிர்காலத்துக்காகக் கண்டுபிடிச்ச ஆட்டம்

முதல்ல அமெரிக்காவுக்குப் போவோம். 1891 டிசம்பர். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊர். அங்கே ஒய்.எம்.சி.ஏ. நடத்திய பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் ஆசிரியர். இலையுதிர்காலம் வந்தால் பையன்கள் கால்பந்து ஆடுவார்கள், கோடையில் பேஸ்பால். நடுவில் பனி கொட்டும் மாதங்களில் மண்டபத்துக்குள் உடற்பயிற்சி மட்டும்தான். சலிச்சுப் போனாங்க. உள்ளேயே ஆடுவதற்கு ஒரு விளையாட்டு வேணும் என்று நெய்ஸ்மித்திடம் சொன்னார்கள். அவர் பீச் பழக்கூடை ரெண்டை எடுத்து மாடத்தில் மாட்டினார். பதிமூணு விதி எழுதினார். பக்கத்துக்கு ஒன்பது பேர். அந்த முதல் ஆட்டத்தில் விழுந்தது ஒரே ஒரு கூடை.

கவனிங்க, இந்த ஆட்டம் பிறந்ததே காலண்டரில் ஒரு ஓட்டையை அடைக்கத்தான். ஒரு குளிர்காலம் முழுக்க ஆட வேண்டிய விளையாட்டு. அதனால் அமெரிக்கக் கல்லூரிகளில் அது ஆரம்பத்திலிருந்தே ஒரு 'சீசன்' ஆகத்தான் வளர்ந்தது. இன்றைக்கும் நவம்பர் முதல் வாரத்தில் தொடங்கும். மார்ச் மாதம் 68 அணிகள் மோதும் தேசிய நாக்-அவுட் போட்டி வரும். அதற்கு முன்னால் ஒவ்வொரு கல்லூரியும் சுமார் முப்பது மேட்ச் ஆடி முடித்திருக்கும்.

அந்த முப்பதில் முதல் பத்துப் பன்னிரண்டு மேட்ச்தான் அங்கே ரசிகர்களுக்குத் தீனி. அவற்றில் பல, பெரிய பல்கலைக்கழகம் சின்னக் கல்லூரிக்குப் பணம் கொடுத்துத் தன் ஊருக்கு வரவழைத்து ஆடுகிற மேட்ச். பெரும்பாலும் பெரியவன்தான் ஜெயிப்பான். அதை வெச்சு, "நம்ம டீம் நிஜமாவே நல்லா இருக்கா, இல்ல நோஞ்சானை அடிச்சுட்டு மீசையை முறுக்குதா"ன்னு டிசம்பர் பூரா சண்டை போடுவாங்க.

டிசம்பரில் சொன்ன தீர்ப்பு

இந்தச் சண்டையில் யார் சொன்னது சரி? 1982-83 சீசனைப் பாருங்க.

அந்த டிசம்பரில் நாட்டின் நம்பர் ஒன் அணி வர்ஜீனியா. ஏழு அடிக்கு மேல் உயரமான ரால்ஃப் சாம்ப்சன் அதில் ஆடினார். அவர்கள் ஹவாய்க்குப் போய் சாமினாட் என்கிற, அப்போ யாருமே கேள்விப்படாத ஒரு குட்டிக் கல்லூரியிடம் 77-72 என்று தோற்றார்கள். கல்லூரி பாஸ்கெட்பால் வரலாற்றின் மிகப் பெரிய அதிர்ச்சிகளில் ஒன்றாக இன்றும் அதைச் சொல்வார்கள். நம்ம திண்டு அங்கே இருந்திருந்தா அன்னைக்கே சொல்லியிருக்கும்: "வேஸ்ட்டு மச்சி." ஆனா அதே வர்ஜீனியா மார்ச் மாதம் தேசியப் போட்டியில் கடைசி எட்டு அணிகள் வரைக்கும் வந்தது.

அவர்களை அங்கே நிறுத்தியது நார்த் கரோலைனா ஸ்டேட். இந்த அணியின் கதை இன்னும் சுவாரசியம். ஜனவரியில் முக்கியமான கார்டு டெரெக் விட்டன்பர்க் பாதத்தை உடைத்துக்கொண்டார். தோல்வி மேல் தோல்வி. வழக்கமான சீசன் முடியும்போது 17 வெற்றி, 10 தோல்வி. தேசியப் போட்டிக்குள் நுழைவதே சந்தேகம். தங்கள் வட்டாரப் போட்டியில் மூணு மேட்ச்சையும் ஜெயிச்சு உள்ளே வந்தாங்க. பிறகு தேசியப் போட்டியில் ஆறு மேட்ச்சையும் ஜெயிச்சாங்க. 1983 ஏப்ரல் 4, இறுதி ஆட்டம். எதிரே வரிசையாக 26 மேட்ச் ஜெயித்து வந்த ஹூஸ்டன். ஸ்கோர் 52-52. கடைசி நொடியில் விட்டன்பர்க் தூரத்திலிருந்து எறிந்த பந்து வளையத்துக்கு எட்டவில்லை. கீழே நின்ற லொரென்சோ சார்ல்ஸ் அந்தரத்திலேயே பிடித்து உள்ளே திணித்தார். 54-52.

பத்து தோல்விக்குப் பிறகு சாம்பியன்! இதைக் கேட்கும்போது எனக்கு அந்த டங்க் பெரிசாத் தெரியல. அந்தப் பத்துத் தோல்விதான் பெரிசாத் தெரியுது. பத்து முறை தோற்க ஒரு டீமுக்கு இடம் இருந்தது. எங்க கேப்டனுக்கு ஒரு தடவைக்கு மேல இல்ல.

பாரிஸ் வழியா, மெட்ராஸ் வழியா

சரி, பாண்டிக்கு வருவோம். ஆட்டம் பிறந்து ரெண்டே வருஷத்தில், 1893 டிசம்பர் 27 அன்று, ஐரோப்பாவின் முதல் பாஸ்கெட்பால் மேட்ச் பாரிஸில் நடந்தது. ரூ த த்ரெவீஸ் தெருவில் ஒய்.எம்.சி.ஏ. கட்டடம். அந்தக் கோர்ட் இன்றும் இருக்கிறது. நடுவில் இரும்புத் தூண்கள் நிற்கும், அதைச் சுற்றிக்கிட்டுதான் ஆடணும். உலகத்தில் இன்றும் மிச்சமிருக்கும் மிகப் பழைய பாஸ்கெட்பால் கோர்ட் என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

அப்போ நம்ம ஊரும் பிரெஞ்சுக்காரங்க கையில்தான். பாண்டித் தெருப் பலகைகளில் இன்னும் 'ரூ' இருக்கு. சாயங்காலம் பெரியவங்க இரும்புக் குண்டை உருட்டி பெத்தாங் ஆடுறதைப் பார்க்கலாம். அதைத் தந்தது பிரான்ஸ். ஆனா நம்ம கல்லூரிகளின் பாஸ்கெட்பாலை வடிவமைச்சது பாரிஸ் இல்ல, மெட்ராஸ்.

1920-ல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் மெட்ராஸில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். இன்றைக்கு நந்தனத்தில் இருக்கே, அதுதான். பக் படித்ததும் நெய்ஸ்மித்தின் அதே ஸ்பிரிங்ஃபீல்டில். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியோடு போனவர் அவர். அந்தக் கல்லூரியில் பயிற்சி பெற்றவர்கள் தென்னிந்தியப் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் போனார்கள். நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச 'பி.டி. மாஸ்டர்' பரம்பரை அது. ஆட்டம் அவங்களோட வந்துச்சு. 'சீசன்' வரல. நமக்கு அடைக்க வேண்டிய பனிக்கால ஓட்டையும் இல்லையே.

புதுச்சேரி 1954 நவம்பர் 1-ல் நடைமுறையிலும், 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படியும் இந்தியாவோடு இணைந்தது. நடுவில் 1961-ல் தாகூர் கலைக் கல்லூரி வந்தது. 1985-ல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் தொடங்கும் வரை நம்ம ஊர்க் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. தனிப் பல்கலைக்கழகம் வந்த பிறகு ஒரு வேடிக்கை. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன நாலு துண்டுகளும் அதன் எல்லைக்குள் வந்தன. காரைக்கால் 130 கிலோமீட்டர். மாஹே கேரளக் கரையில், சுமார் 600 கிலோமீட்டர். யானம் ஆந்திராவில், 800-க்கும் மேல். இவங்களை வெச்சு வாராவாரம் உன் ஊர், என் ஊர்னு லீக் நடத்த முடியுமா? ரயில் டிக்கெட்டுக்கே பட்ஜெட் போயிடும்.

கணக்கையும் பாருங்க. 16 அணிகள் இருந்தால் நாக்-அவுட்டுக்கு 15 மேட்ச் போதும். எல்லாரும் எல்லாரோடும் ஒருமுறை ஆடினால் 120 மேட்ச். நடுவர், சாப்பாடு, தங்க இடம், செமஸ்டர் தேர்வு, அட்டெண்டன்ஸ்! எந்த உடற்கல்வி இயக்குநரும் 15-ஐத்தான் தேர்ந்தெடுப்பார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனா ஒண்ணு சொல்லணும். இந்தியப் பல்கலைக்கழகப் போட்டிகளில் 'நாக்-அவுட் கம் லீக்' என்று ஒரு முறை உண்டு. முதலில் நாக்-அவுட், கடைசி நாலு அணிகளுக்கு மட்டும் லீக். அதாவது, ஏற்கெனவே ஜெயிச்சவனுக்குத்தான் ரெண்டாவது வாய்ப்பு. முதல் நாள் கை நடுங்கினவனுக்குப் பஸ் டிக்கெட். தலைகீழா இல்ல?

எட்டு மேட்ச் கிடைச்சப்போ

நம்ம ஊர் ரசிகனுக்கு ஒரு முழு சீசன் கிடைத்த கதையும் இருக்கு. வேற விளையாட்டில். 2018-19-ல் புதுச்சேரி முதல் முறையாக ரஞ்சிக் கோப்பையில் ஆடியது. புது அணிகள் ஒன்பதை ஒரே பிரிவில் போட்டார்கள். அதனால் ஒவ்வொருவருக்கும் எட்டு மேட்ச். சிக்கிமுக்கு எதிராகப் பரஸ் டோக்ரா 253 அடித்தார். அந்தப் பிரிவிலிருந்து மேலே போனது உத்தராகண்ட், நாம இல்ல. ஆனா டீக்கடையில் பேச ஒரு முழுக் குளிர்காலம் கிடைச்சது. ஒரு வாரம் சொன்னதை அடுத்த வாரம் மாத்திக்க முடிஞ்சது. ரசிகனா வளர்றதுன்னா அதுதானே?

மாஹேயும் யானமும் தூரம், சரி. ஆனா பாண்டியைச் சுற்றி இருக்கிற கல்லூரிகள்? ஒரு டூ-வீலரில் அரை மணி, முக்கால் மணி நேரத்துக்குள் எத்தனை கோர்ட்! எட்டுக் கல்லூரி சேர்ந்தால் 28 மேட்ச். வாரத்துக்கு நாலு சாயங்காலம், ஏழு வாரம். ஒவ்வொரு டீமுக்கும் ஏழு மேட்ச். எட்டையும் நாலு நாலாப் பிரிச்சா, மொத்தமே 12 மேட்ச். அப்பவும் ஆளுக்கு மூணு உறுதி.

போன மாசம் பீச் ரோட்டில் அந்தக் கேப்டன் அண்ணனைப் பார்த்தேன். குழந்தையைத் தோளில் தூக்கிக்கிட்டு காந்தி சிலைப் பக்கம் நடந்து வந்தார். அந்த மேட்ச் பேச்சு வந்ததும் நானே சொல்லிட்டேன்: "அண்ணா, அன்னைக்கு பஸ்ஸுல பின்னாடி சீட்டுல உங்க டீமை வேஸ்ட்டுனு சொன்னவன் நான்தான்."

சிரிச்சார். "கேட்டுச்சுடா தம்பி. நீ சொன்னது சரியாக் கூட இருந்திருக்கலாம். நாங்க நல்ல டீமா, மோசமான டீமான்னு எனக்கே தெரியாது. இன்னும் ரெண்டு மேட்ச் ஆடியிருந்தா தெரிஞ்சிருக்கும்."

மறுநாள் சாயங்காலம் அவர் தனியா ஃப்ரீ த்ரோ லைனில் நின்னு ஒவ்வொண்ணாப் போட்டுக்கிட்டு இருந்தது எனக்கு ஞாபகம் இருக்கு. திண்டில் அன்னைக்கு நான் மட்டும்தான். எத்தனை உள்ளே போச்சுன்னு எண்ணவே இல்ல. இறங்கிப் போய்ப் பந்தையாவது எடுத்துப் போட்டிருக்கலாம்.

உங்க காலேஜ் டீம் இந்த வருஷம் முதல் மேட்ச் ஆடப் போகுதா? போய்ப் பாருங்க. கத்துங்க. ஜெயிச்சாலும் தோத்தாலும் தீர்ப்பை மட்டும் கொஞ்சம் தள்ளி வைங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.