பேயைச் செய்து காட்டியவர்கள்

அக்டோபர் மாதம் 31ந் தேதி இரவு அயர்லாந்து, ஸ்காட்லாந்து, அமெரிக்கா முதலிய நாடுகளில் ஹாலோவீன் என்னும் கொண்டாட்டம் நடைபெறுவதை நேயர்கள் அறிவார்கள். முன்னாளில் அயர்லாந்து மக்கள் டர்னிப் கிழங்கைக் குடைந்து, கண்ணும் வாயும் வெட்டி, உள்ளே தீயிட்டு வைத்தார்கள். அமெரிக்காவிற் குடியேறிய பின்னர் அவ்வேலைக்குப் பரங்கிக்காய் வாய்ப்பாக அமைந்தது. இன்றோ வீட்டு முற்றத்தில் எலும்புக்கூடும் சவப்பெட்டியும் செய்து நிறுத்துவதை வாழ்நாள் ஆசையாகக் கொண்டோர் அங்கே பலர். பேய்க்கு அஞ்சித் தாயத்துக் கட்டிக்கொள்வோரை நாம் நிரம்பக் கண்டிருக்கிறோம். பேயின்மேல் காதல் கொண்டு, அதைத் தம் கையாலேயே செய்து மகிழ்வோர் வேறொரு கூட்டத்தார். இவர்களுடைய முன்னோர் சிலரைப் பற்றிக் கூறுவோம்.

ஒல்லாந்து தேசத்து விஞ்ஞானி கிறிஸ்தியான் ஹைகன்ஸ், சனிக்கோளைச் சுற்றியிருப்பது வளையமே என்று உலகுக்கு விளக்கியவர். அவ்விளக்கம் வெளியான அதே 1659ம் ஆண்டில், கண்ணாடியில் தீட்டிய சித்திரத்தைச் சுவரிலே பெரிதாகக் காட்டும் படவிளக்குக்கு அவர் சில படங்கள் வரைந்தார். என்ன படங்கள்? தன் மண்டையோட்டைத் தானே கழற்றிக் கையிலேந்தும் எலும்புக்கூடு! பெரிதாக்கிக் காட்டும் வில்லைக்கு நம்மவர் பூதக்கண்ணாடி என்று பெயரிட்டது எவ்வளவு பொருத்தம்! பின்னர் இவ்விளையாட்டு தம் புகழுக்கு இழுக்கென்று அப்பெரியார் நாணினார் போலும். 1662ல் பிரெஞ்சு அரசவையில் காட்டுவதற்குத் தந்தையார் ஒரு விளக்குக் கேட்டபோது, வில்லையொன்றை எடுத்துவிட்டு அதனைப் பயனற்றதாக்கிவிடும்படி தம்பிக்கு எழுதினார்.

நாணாதவர்களும் இருந்தார்கள். ஜெர்மனியில் லைப்சிக் நகரத்துக் காப்பிக்கடைக்காரன் ஷ்ரெப்ஃபர், இறந்தோரை எழுப்பித் தருவதாகச் சொல்லி ஜனங்களை மயக்கினான். புகையும் படவிளக்குமே அவனுக்குத் துணை என்று பின்னோர் கருதுகின்றனர். 1774ல் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறந்தான்.

நிற்க. நமது வரலாற்றின் நாயகர் 1763ல் லியேஜ் நகரிற் பிறந்த ராபர்ட்சன் என்பவர். சிறுவயதிலேயே சாத்தானைக் காண ஆசைப்பட்டு, அவனை அழைத்து அழைத்துப் பார்த்தாராம். அவன் வரவில்லை. ஆகவே சாத்தான்களைத் தாமே செய்துகொள்வதென்று தீர்மானித்ததாகத் தமது நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். 1798ல் பாரிஸ் நகரில் தம் காட்சியைத் தொடங்கினார். புரட்சியின் கொலைக்கருவிக்குத் தலை கொடுத்தோரின் தாயும் மனைவியும் மக்களும் தெருவெல்லாம் நடமாடிய காலம் அது. தலை வெட்டுண்ட மன்னன் 16ம் லூயியை எழுப்பும்படி சபையில் ஒருவர் கேட்டார் என்று பத்திரிகையிற் செய்தி வந்ததும் அதிகாரிகள் காட்சியை மூடினார்கள். பேயை நம்பாத அரசாங்கமும் ஒரு பேய்க்கு அஞ்சிற்று!

மறு ஆண்டு கப்புசின் கன்னியர் விட்டுச் சென்ற மடத்திலே மீண்டும் தொடங்கினார். இருண்ட நடைவழிகளைக் கடந்து வந்த ஜனங்கள் ஒரு கூடத்தில் அமர்வார்கள். விளக்கு அணையும். நீர் தோய்ந்த விரலால் கண்ணாடிக் கிண்ணங்களைத் தேய்த்தெழுப்பும் இசை எங்கிருந்தோ கேட்கும். மெழுகு பூசிய மெல்லிய திரைக்குப் பின்னே, சக்கரங்களின்மேல் ஏற்றிய படவிளக்கு ஓசையின்றி நகரும். திரையைவிட்டு அது விலக விலக உருவம் பெருகும். பெருகும் உருவம் நம்மை நோக்கிப் பாய்ந்து வருவதாகத் தோன்றும். படம் மங்காதபடி வில்லையும் உடன் நகரவேண்டும். அவருடைய கைத்திறனெல்லாம் இதிலேதான் இருந்தது. படத்தைச் சுற்றிக் கண்ணாடி முழுவதும் கறுப்புப் பூசியிருந்தமையால், பேய் ஒன்றிலும் ஒட்டாமல் இருளிலே மிதந்தது.

இவையெல்லாம் விஞ்ஞானமேயன்றி வேறல்ல என்று அவர் முதலிலேயே பிரசங்கம் செய்வது வழக்கம். ஆயினும் எப்படி என்பதை மட்டும் சொல்லமாட்டார். இதிலே நமக்கு அவரிடம் மனத்தாங்கல் உண்டு. பொய்யென்று சொல்லிவிட்டுத் திரையை மூடி வைப்பவன், பாதி உண்மையைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறான். விடை கிடைக்காமல் வீடு திரும்பிய ஒரு தாய், தன் மகனை அங்கே கண்டதாகவே எண்ணியிருக்கக் கூடுமல்லவா?

அந்தத் திரையை விலக்கியது ஒரு வழக்கு. அவரிடம் வேலை பார்த்தவர்கள் தனியே போட்டிக் காட்சி நடத்தவே, தமது உரிமையைக் காக்க ராபர்ட்சன் நீதிமன்றம் சென்றார். வழக்கு நடந்ததில் அவருடைய இரகசியங்கள் யாவும் வெளியாயின. அத்துடன் பேய்க்காட்சிக்கு முடிவு வந்ததென்று எண்ண வேண்டா. வித்தை தெரிந்த பலர் ஐரோப்பாவெங்கும் அதனை நடத்தினர். தெரிந்துகொண்டே அஞ்சி மகிழ ஜனங்களும் திரண்டனர்.

1862ம் ஆண்டு டிசம்பர் 24ந் தேதி லண்டனில் பெப்பர் என்பவர் வேறொரு பேயைக் காட்டினார். மேடையிற் சாய்த்து நிறுத்திய பெருங் கண்ணாடியில், கீழே மறைந்து ஒளியில் நிற்கும் நடிகனுடைய சாயல் விழும், அவ்வளவே. இம்முறையைக் கண்டவர் டெர்க்ஸ் என்னும் பொறிவல்லார். பெயரோ பெப்பருக்குப் போயிற்று. 1969ல் கலிபோர்னியாவின் டிஸ்னிலாந்தில் திறந்த பேய் மாளிகையில் நடனமாடும் பேய்களும் இந்தக் கண்ணாடிச் சாயல்களே. ஹாலோவீன் இரவில் தம் வீட்டுச் சன்னலில் இதே பேயை நிறுத்துவோர், கேட்ட சிறுவர்க்கெல்லாம் அது செய்யும் வகையைச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

ராபர்ட்சன் 1837ல் காலமானார். பாரிஸில் பெர் லஷேஸ் இடுகாட்டிலுள்ள அவருடைய கல்லறையின் ஒரு புறத்தில் பேயுருக்களைக் கண்டு நடுங்கும் ஜனங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். மறுபுறத்தில், அவர் ஏறிச் சென்ற பலூனை அண்ணாந்து பார்த்து நிற்கும் ஜனங்கள்.