வானத்துக் கணக்குப்பிள்ளைகள்

நடவாத காரியத்துக்கு உவமை சொல்ல வேண்டுமென்றால், வானத்து மீனை எண்ணப் புறப்பட்டவன் கதை என்போம். ஆனால் அந்த நடவாத காரியத்தையே உத்தியோகமாகக் கொண்டு, மாதச் சம்பளம் வாங்கி, கண்ணைக் கெடுத்துக்கொண்டு வாழ்ந்தவர்கள் உலகத்தில் இருந்திருக்கிறார்கள். எண்ணி என்ன கண்டார்கள் என்று யாராவது கேட்டால், இந்தப் பிரபஞ்சத்தின் ஜாதகத்தையே கண்டார்கள் என்றுதான் பதில் சொல்ல வேண்டும். ஜாதகத்தில் ஆயுள் பாவம் மட்டும் இன்னும் சரியாகக் கணிக்கப்படவில்லை. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

அமெரிக்காவில் ஹார்வர்டு வான ஆராய்ச்சி நிலையத்தின் தலைவராக எட்வர்ட் பிக்கரிங் என்பவர் இருந்தார். ஆகாயம் முழுவதையும் போட்டோ எடுத்து வைத்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. தென் வானத்தைப் பிடிப்பதற்காகப் பெரு நாட்டிலுள்ள அரெகீப்பா மலையூரில் ஒரு கிளை நிலையத்தை அமைத்தார். அங்கிருந்து கண்ணாடித் தகடுகள் கப்பலேறி வந்தன. ஒவ்வொரு தகட்டிலும் ஆயிரக்கணக்கான கறுப்புப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு நட்சத்திரம். இவற்றைப் பார்த்துக் குறிப்பெழுதப் பெண்களை அமர்த்தினார் பிக்கரிங். பெண்கள் என்றால் கவனமாக வேலை செய்வார்கள், சம்பளமும் குறைவு!

அந்தப் பெண்களில் ஒருத்தி ஹென்ரியெட்டா லெவிட். 1868-இல் பிறந்தவள். காது சரியாகக் கேளாது. முதலில் சம்பளமே இல்லாமல் வேலைக்கு வந்து, பிறகு மணிக்கு 30 சென்ட் கூலி பெற்றாள். வெவ்வேறு நாட்களில் எடுத்த தகடுகளை ஒப்பிட்டு, எந்த நட்சத்திரம் மங்கிப் பிரகாசிக்கிறது என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. 1908-இல் அவள் வெளியிட்ட பட்டியலில், தென் வானத்து மகெல்லன் மேகங்களில் மட்டும் 1,777 மாறும் நட்சத்திரங்கள் இருந்தன.

எண்ணுவதோடு அவள் நிற்கவில்லை. மங்கிப் பிரகாசிக்க எத்தனை நாள் ஆகிறது என்பதையும் குறித்துக்கொண்டாள். 1912-இல் 25 நட்சத்திரங்களை எடுத்துக் கணக்குப் பார்த்தபோது ஓர் ஒழுங்கு தெரிந்தது. அதிகப் பிரகாசமுள்ள நட்சத்திரம் நிதானமாகத் துடிக்கிறது. பிரகாசம் குறைந்தது வேகமாகத் துடிக்கிறது.

இதில் என்ன பிரமாதம் என்று வாசகர்கள் கேட்கலாம். ஆற்றின் அக்கரையில் உள்ள ஓர் ஊரை இரவில் பார்க்கிறோம். அங்கே எரியும் விளக்குகள் எல்லாம் நமக்கு ஏறக்குறைய ஒரே தூரந்தான். ஆகையால் அவற்றில் எது பெரிய விளக்கு, எது அகல் விளக்கு என்று கண்ணாலேயே சொல்லிவிடலாம். மகெல்லன் மேகம் அப்படிப்பட்ட அக்கரை ஊர். அங்கே கற்ற பாடத்தைக் கொண்டு, வேறெங்காவது அதே தாளத்தில் துடிக்கும் நட்சத்திரத்தைக் கண்டால், அதன் உண்மையான ஒளி இவ்வளவு என்று சொல்லிவிடலாம். கண்ணுக்கு எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதைக் கொண்டு தூரத்தையும் சொல்லிவிடலாம். ஆகாயத்தை அளக்க மனிதனுக்கு ஒரு முழக்கோல் கிடைத்துவிட்டது.

அந்த அறிக்கை பிக்கரிங்கின் கையெழுத்தோடுதான் வெளிவந்தது. தயாரித்தவர் மிஸ் லெவிட் என்று முதல் வரியில் ஒரு குறிப்பு இருந்தது. அவளோ மறுபடியும் தகடுகளுக்கே திரும்பினாள். கோலைச் செய்தவளுக்கு அளக்கும் வேலை கொடுக்கப்படவில்லை.

அளந்தவர் எட்வின் ஹப்பிள். 1923 அக்டோபரில், மௌண்ட் வில்ஸன் மலையிலிருந்த 100 அங்குல டெலஸ்கோப்பில் ஆண்ட்ரோமிடா நெபுலாவைப் படம் பிடித்தார். அதில் லெவிட் சொன்ன வகையான நட்சத்திரம் ஒன்று இருந்தது. கணக்குப் போட்டார். அது நம் பால்வீதிக்கு வெளியே, வெகு தொலைவில் இருக்கும் வேறொரு நட்சத்திர மண்டலம் என்று தெரிந்தது. 1929-இல் இன்னொரு சேதியும் சொன்னார்: தொலைவிலுள்ள மண்டலங்கள் நம்மை விட்டு விலகிப் போகின்றன, எவ்வளவு தூரமோ அவ்வளவு வேகம். பிரபஞ்சம் விரிகிறது!

1925-இல் ஸ்வீடன் தேசத்துக் கணித மேதை மிட்டாக்-லெஃப்ளர், நோபல் பரிசுக்குத் தங்கள் பெயரைச் சொல்ல விரும்புகிறேன் என்ற கருத்தில் மிஸ் லெவிட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். கடிதம் வந்து சேர்ந்தது. பிரித்துப் படிக்க அவள் இல்லை. 1921 டிசம்பரிலேயே புற்றுநோயால் இறந்துவிட்டாள். இறந்தவர்களுக்கு அந்தப் பரிசைத் தருவதில்லை.

இனி ஆயுள் பாவத்துக்கு வருவோம். மேலே எறிந்த பந்தைப் பூமி இழுக்கிறது. அதன் வேகம் குறைகிறது. அதுபோலவே, விரியும் பிரபஞ்சத்தையும் அதிலுள்ள பொருள்களின் ஈர்ப்பு இழுத்துப் பிடிக்கத்தானே வேண்டும்? வேகம் எவ்வளவு குறைகிறது என்று பார்க்க ஆசைப்பட்டார்கள். லெவிட்டின் விளக்குகள் அவ்வளவு தூரத்துக்குத் தெரியமாட்டா. பெரிய விளக்கு வேண்டும்.

அந்த விளக்கின் ரகசியத்தில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. மாநிலக் கல்லூரியில் படித்த எஸ். சந்திரசேகர் 1930-இல் பத்தொன்பது வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். போகும் வழியிலேயே போட்ட கணக்கு அவரைப் பிற்காலத்தில் உலகப் பிரசித்தராக்கியது. வெண்குள்ளன் என்னும் முதிய நட்சத்திரத்தின் எடை சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் தாங்காது. அந்த எல்லையை நெருங்கும் வெண்குள்ளன் வெடித்துச் சிதறும் என்பது பின்னால் விளங்கியது. ஏறக்குறைய ஒரே எல்லையில் வெடிப்பதால், வெளிச்சமும் ஏறக்குறைய ஒரே அளவு.

இந்த வெடிப்புகள் அபூர்வம். அமாவாசையை ஒட்டி ஆயிரக்கணக்கான மண்டலங்களைப் படம் பிடித்து, சுமார் மூன்று வாரம் கழித்து மறுபடியும் பிடித்து, புதுப்புள்ளி எது என்று தேடினார்கள். லெவிட் செய்த அதே வேலை. கண்ணுக்குப் பதில் கம்ப்யூட்டர். போட்டி போட்ட இரண்டு குழுக்களும் 1998-இல் ஒரே விடையைச் சொன்னார்கள். விளக்குகள் எதிர்பார்த்ததைவிட மங்கலாக, அதாவது அதிகத் தொலைவில், இருந்தன. விரிவு தளரவில்லை, வேகம் ஏறிக்கொண்டிருக்கிறது! எறிந்த பந்து மேலே போகப் போக விரைந்து ஓடியதுபோல் இருந்தது. பெர்ல்மட்டர், ஷ்மிட், ரீஸ் ஆகிய மூவர் 2011-இல் இதற்காக நோபல் பரிசு பெற்றார்கள்.

தள்ளுகிற சக்தி எது? அதற்கு 'இருண்ட சக்தி' என்று பெயர் வைத்தார்கள். பிரபஞ்சத்தின் முதலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அதுவே என்கிறார்கள். 1917-இல் ஐன்ஸ்டீன் தம் சமன்பாட்டில் ஒரு மாறிலியைச் சேர்த்து, பிற்பாடு வேண்டாம் என்று தள்ளிவிட்டார். தள்ளுண்ட பிள்ளை திரும்பி வந்து, சொத்தில் பெரும் பங்கு கேட்ட கதையாக முடிந்தது.

ஆனால் ஒரு சாட்சியை நம்பித் தீர்ப்புச் சொல்லலாமா? மறுபடியும் எண்ணத் தொடங்கினார்கள். நியூ மெக்ஸிகோவில் 2000-ஆம் ஆண்டு ஸ்லோன் வான அளவை ஆரம்பமாயிற்று. ஒவ்வொரு மண்டலத்தின் இடத்துக்கும் ஒரு துளையாக அலுமினியத் தகட்டில் 640 துளைகள் போட்டு, பகலில் ஆட்கள் உட்கார்ந்து ஒவ்வொரு துளையிலும் ஒரு கண்ணாடி இழையைக் கையால் செருகுவார்கள். இரவில் அந்தத் தகடு டெலஸ்கோப்பில் ஏறும். பூக்கட்டுவது போன்ற வேலை! இப்படிச் சேர்த்ததில் 46,748 மண்டலங்களை வைத்து 2005-இல் கணக்குப் பார்த்தார்கள். குழந்தைப் பிரபஞ்சத்தில் ஓடிய ஒலி அலைகளின் சுவடு, சுமார் 50 கோடி ஒளியாண்டு இடைவெளியாக மண்டலங்களிடையே பதிந்திருந்தது. இரண்டாவது முழக்கோல் கிடைத்தது. அதுவும் இருண்ட சக்திக்கே சாட்சி சொன்னது.

அரிஸோனாவிலுள்ள கிட் பீக் மலையில் 2021-இல் அளவையைத் தொடங்கிய டெஸி என்னும் கருவியில், 5,000 இழைகளைச் சிறு யந்திரங்களே நகர்த்துகின்றன. ஏறக்குறைய ஒன்றரைக் கோடி மண்டலங்களையும் க்வாசர்களையும் எண்ணி, 2025 மார்ச்சில் அவர்கள் சொன்ன சேதி விசித்திரமானது. இருண்ட சக்தி மாறாத ஒன்று அல்ல. காலப்போக்கில் தளர்ந்து வருவதுபோல் தோன்றுகிறது! தீர்ப்பாகச் சொல்லப் போதிய உறுதி அதில் இல்லை என்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். மாறாததானால், தொலைவிலுள்ள மண்டலங்கள் ஒவ்வொன்றாகப் பார்வையிலிருந்து மறைந்து, பிரபஞ்சம் குளிர்ந்து தனித்துப் போகும். தளர்வதானால், முடிவு வேறாக இருக்கலாம்.

சிலி நாட்டு மலையொன்றில், வேரா ரூபின் என்ற பெண் விஞ்ஞானியின் பெயரைத் தாங்கிய நிலையம் 2025 ஜூனில் தன் முதல் படங்களை வெளியிட்டது. தென் வானத்தைச் சில இரவுகளுக்கு ஒரு முறை முழுவதும் படம் பிடித்து, பத்து ஆண்டுகள் இப்படியே செய்து, மாறுவது எது என்று பார்ப்பதுதான் அதன் திட்டம். அரெகீப்பாவிலிருந்து கப்பலேறி வந்த கண்ணாடித் தகடுகளை வைத்துக்கொண்டு, காது கேளாத ஒரு பெண் மணிக்கு 30 சென்ட் கூலிக்குச் செய்ததும் அந்த வேலைதான்.