செப்டிக் டேங்க்கில் ஆளை இறக்கினால் ஜெயில்! வீட்டுக்காரர்கள் தெரிஞ்சுக்க வேண்டியது

பாதாள சாக்கடை இன்னும் வராத புறநகர் தெருக்களில் வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க்தான். பாத்ரூமில் தண்ணி எதிர்த்து வரும்போதுதான் பலருக்கு அதன் ஞாபகமே வருகிறது. லாரி கிடைக்காத அவசரத்தில், "காசு கொடுத்தா ஆளே இறங்கி அள்ளிடுவாரு" என்று பக்கத்தில் ஒருத்தர் யோசனை சொல்வார். உயிர் போவது அங்கேதான்.

டேங்க்குக்குள் மலம் மக்கும்போது மீத்தேன், ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயுக்கள் உண்டாகின்றன. ஹைட்ரஜன் சல்பைடு அழுகின முட்டை மாதிரி நாறும். காற்றைவிட கனம் என்பதால் அடியில் தேங்கி நிற்கும். அளவு கூடிவிட்டால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. "வாடையே இல்ல, இறங்கலாம்" என்று சொல்வதை நம்பவே கூடாது. சகதியைக் கிளறியதும் அடைபட்டிருந்த வாயு மொத்தமாகக் கிளம்பும். ஒன்றிரண்டு மூச்சிலேயே ஆள் சுருண்டு விழுந்துவிடுவார். மூடியை முந்தின நாளே திறந்து வைத்தாலும் இந்த ஆபத்து போகாது. தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பதும் வேண்டாம், மீத்தேன் தீப்பிடிக்கும்.

மயங்கியவரைத் தூக்கப் போகிறேன் என்று அடுத்தவர் இறங்குவார், அவரும் மயங்குவார். ஒரே டேங்க்கில் இரண்டு பேர், மூன்று பேர் பலி என்று செய்தி வருவது இதனால்தான். யாரும் இறங்காமல் உடனே 101, 108-க்கு போன் போடுங்க. தீயணைப்பு வீரர்களிடம் மூச்சுக் கருவி இருக்கும்.

வீட்டுக்காரர் மீதும் வழக்கு

2013-ம் ஆண்டு வந்த மத்திய சட்டப்படி, பாதுகாப்பு சாதனம் இல்லாமல் செப்டிக் டேங்க்கிலோ சாக்கடையிலோ ஆளை இறக்கி வேலை வாங்குவது குற்றம். முதல் தடவை 2 ஆண்டு வரை ஜெயில் அல்லது ரூ.2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி செய்தால் 5 ஆண்டு, ரூ.5 லட்சம் வரை போகும். ஜாமீனில் விட முடியாத பிரிவு இது. கான்ட்ராக்டர் மட்டும் மாட்டுவார் என்று நினைக்காதீங்க, வேலைக்கு கூப்பிட்ட வீட்டுக்காரருக்கும் இதே சட்டம்தான். சாக்கடை சுத்தம் செய்யும்போது இறப்பவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை, 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ரூ.10 லட்சத்தில் இருந்து ரூ.30 லட்சமாக உயர்த்தியது.

சரி, என்னதான் செய்வது? வழியும் வரை காத்திருக்காமல் 2, 3 வருஷத்துக்கு ஒரு தடவை லாரியைக் கூப்பிட்டு உறிஞ்ச வைத்தால் போதும். மழைக்காலத்துக்கு முன்னாடியே முடித்துவிடுவது நல்லது. நிலத்தடி நீர் ஏறிவிட்டால் எடுத்த டேங்க் மறுபடி நிரம்பும். சகதி கெட்டியாக இருந்தால் தண்ணி ஊற்றி, மேலே நின்றபடி நீளக் கம்பால் கலக்கி உறிஞ்சலாம். அதுக்கும் ஆள் இறங்கத் தேவையில்லை. லாரிக்கு உள்ளாட்சி உரிமம் இருக்கிறதா, லோடை எங்கே கொட்டுவார்கள் என்று கேளுங்க. ராத்திரியில் ஏரியிலும் கால்வாயிலும் திறந்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழியில் இதற்கென்றே சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது.

இன்னொரு விஷயம். நிறைய வீடுகளில் செப்டிக் டேங்க் என்று சொல்வது வெறும் சிமெண்ட் உறை இறக்கிய குழிதான். அடித்தளம் கிடையாது, கழிவு நேராக மண்ணுக்குள் இறங்கும். "எங்க டேங்க் பத்து வருஷமா நிரம்பவே இல்ல" என்று பெருமைப்படுகிறவர் தன் கிணற்றுத் தண்ணியை முதலில் டெஸ்ட் பண்ணிப் பார்க்கணும். கழிவுநீர் மண்ணில் இறங்கும் குழிக்கும் குடிநீர் கிணற்றுக்கும் குறைஞ்சது 18 மீட்டர் இடைவெளி வேணும்.

நாப்கின், டயப்பர், சமையல் எண்ணெய் எதையும் கழிவறையில் போடாதீங்க. ஆசிட்டை அளவில்லாமல் ஊற்றினால் மலத்தை மக்க வைக்கும் கிருமியும் செத்துவிடும், டேங்க் சீக்கிரம் நிரம்பும்.

வீட்டு விசேஷத்துக்கு 200 பேர் வந்தால் உங்க டேங்க் தாங்காது. வாடகைக்கு மொபைல் டாய்லெட் எடுப்பவர்கள் தண்ணி யார் நிரப்புவது, இடையில் கழிவை எடுக்க லாரி வருமா என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்க. பந்தி நடக்கும் இடத்தில் இருந்து தள்ளி, லாரி வந்து நிற்க வழி இருக்கிற இடமாகப் பார்த்து வைக்கணும்.