குரல்வழி நிரலாக்கம்

விசைப்பலகையை இயக்குவது சிரமமாகிவிட்ட ஒருவர், வாய்மொழியை எழுத்தாக மாற்றும் பேச்சுணர் மென்பொருளின் துணைகொண்டு கணினி நிரல் எழுதும் முறை இது. ஒரே அசைவை ஆண்டுக்கணக்கில் செய்து நரம்பும் தசைநாரும் நலிந்தவர்களும், மூட்டுவாதம் முதலியவற்றால் விரல்கள் வசமிழந்தவர்களும் இதனைப் பிரதானமாக நாடுகின்றனர்.

இதற்கு ஆதாரமான விஞ்ஞானத்தின் ஒரு கிளை சென்னையோடு உறவுடையது. அங்குள்ள கிண்டிப் பொறியியற் கல்லூரியில் 1958-இல் பட்டம் பெற்ற ராஜ் ரெட்டி, 1966-இல் ஸ்டான்ஃபோர்டில் டாக்டர் பட்டம் பெற்று, பின்னர் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் பேச்சுணர் ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கி, கணினித்துறையின் உயரிய விருதான டூரிங் விருதை 1994-ஆம் ஆண்டில் மற்றொருவருடன் பகிர்ந்துகொண்டார். கார்னெகி மெலனில் பயின்ற ஜேம்ஸ் பேக்கர், நிகழ்தகவைக் கணித்துப் பேச்சை அறியும் 'டிராகன்' முறையை 1975-இல் வகுத்தார். மனைவி ஜேனட்டுடன் 1982-இல் அவர் தொடங்கிய நிறுவனம் 1997-இல் வெளியிட்ட 'டிராகன் நேச்சுரலிஸ்பீக்கிங்', சொல்லுக்குச் சொல் நிறுத்தாத இயல்பான பேச்சையே ஏற்றெழுத வல்லதாயிற்று.

ஆயினும் கடிதம் சொல்லி எழுதுவிப்பது வேறு, நிரல் சொல்லி எழுதுவிப்பது வேறு. ஐயமான ஓர் ஒலியை அண்டைச் சொற்களைக் கொண்டு துணிவதே அம்மென்பொருளின் இயல்பு. நிரலிலோ அடைப்புக்குறிகளும், இடைவெளியின்றி ஒட்டிய பெயர்களும், அகராதி காணாத சுருக்கங்களும் நிறைந்திருப்பதால் அத்துணை அங்கே கிட்டுவதில்லை. ஆங்கில எழுத்துகளின் பெயர்களைச் சொல்லலாமென்றால், 'பீ', 'டீ', 'ஈ' என ஒரே உயிரொலியில் முடிவன பல. காதுக்கே மயக்கம் தருவன யந்திரத்துக்கு எங்ஙனம் விளங்கும்? ஆதலால் 'டாலன்' என்னும் மென்பொருளில் முதல் மூன்று எழுத்துகளுக்கு 'ஏர்', 'பேட்', 'கேப்' என, தம்முள் ஒலி மயங்காத குறுஞ்சொற்களை வகுத்து, அவற்றைத் தொடுத்துச் சொல்லும் வழியை அமைத்துள்ளனர். கைகள் மரத்துப்போய்த் தட்டச்சைக் கைவிட நேர்ந்த டேவிஸ் ரட் என்னும் நிரலாளர், டிராகனோடு தாம் புனைந்த கட்டளைச் சொற்களையும் இணைத்து, 2013-இல் அமெரிக்காவில் நடந்த பைத்தான் நிரல்மொழி மாநாட்டில் குரலாலேயே நிரலெழுதிக் காட்டினார். பல மாத அப்பியாசத்துக்குப்பின் கையால் எழுதியதைவிட விரைவாக எழுத முடிந்ததென்பது அவர் கூற்று. ஆகவே குரல்வழி நிரலாக்கத்தை வேறு கதியின்றி ஏற்கும் மாற்றாகக் கருதாமல், முறையாகக் கற்கத்தக்க தனிக்கலையாகவே கருத வேண்டும்.

இக்கலையைப் பயில்வோரின் தொண்டைக்கு ஓய்வும், அடிக்கடி தண்ணீரும், வாயருகே நிற்கும் நல்ல ஒலிவாங்கியும் இன்றியமையாதவை. பிறர் பேச்சும் தெருவின் ஹாரன் ஒலியும் புகாத அறையும் தேவை. மாற்றுத்திறனாளிகளாகிய ஊழியர்களுக்கு நியாயமான வசதி செய்துதர வேண்டுமென்று இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு நிறுவனங்களைப் பணிக்கிறது. குரலால் உழைப்பவருக்குக் கதவடைத்த ஓர் அறையும் அவ்வசதியுள் அடங்குமென்று கொள்வதே தகும்.