உடற்கூறு தமிழ் பேசிய வரலாறு



நம் பள்ளியில் நாற்காலியிட்டுத் தொழும் பெரியவர்கள் ஆண்டுக்காண்டு கூடி வருகின்றனர். மூட்டு வலிக்காகக் காஞ்சிபுரத்திற்கும் செங்கல்பட்டிற்கும் சென்று திரும்புவோரிடம் "மருத்துவர் என்ன சொன்னார்?" என நாம் வினவினால், ஆங்கிலச் சீட்டை நீட்டுகின்றனரே தவிர விடை கூறுவதில்லை. தம் முழங்காலுக்குள் இருப்பது இன்னதென்று அவர்கள் தம் மொழியில் கேட்டதில்லை.

இக்குறையை நீக்க முனைந்தவர் ஒருவர் நமக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே இருந்தார். அமெரிக்கரான சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847இல் கிறிஸ்தவ மிஷன் மருத்துவராக யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவப் பணி புரிந்தார். முதலில் மாணவருக்கு ஆங்கிலத்தில் கற்பித்தவர், 1860களில் தமிழுக்கு மாறினார். தமிழில் கற்றவரே கிராமங்களில் தங்கி மக்களுக்கு உதவுவர் என்பது அவர் எண்ணம். அவரிடம் பயின்று மருத்துவரானோர் 60க்கும் மேற்பட்டோர்.

கற்பிக்க நூல் வேண்டுமே! கால்வின் கட்டர் எழுதிய உடற்கூற்று நூல் 1852இல் தமிழில் வந்தது. ஹென்றி கிரே எழுதி 1858இல் லண்டனில் வெளியான பெருநூல், 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்னும் பெயரில் தமிழாயிற்று. வழக்கிலுள்ள தமிழ்ச் சொல்லை முதலில் தேடுவது, இல்லையேல் வடசொல், அதுவும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதுவது என்பதே அவர்கள் கைக்கொண்ட முறை. அச்சொற்களுள் பல இன்று வழக்கொழிந்தன. அதனால் அவ்வுழைப்பு வீணாயிற்று என நாம் கருதவில்லை.

அரபு மொழி பயின்ற நமக்கு இது புதிய செய்தியன்று. பக்தாதில் கி.பி. 873இல் மறைந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கும் அவருடைய குழுவினரும் கேலனின் கிரேக்க மருத்துவ நூல்களை அரபியாக்கினர். உடலை அறுத்து ஆராயும் முறை பற்றிக் கேலன் எழுதிய 15 பாகங்களில் பிற்பகுதி கிரேக்கத்தில் அழிந்து, அரபியில் மட்டுமே எஞ்சியது. ஹுனைனும் ஒரு கிறிஸ்தவரே. கலீஃபாக்கள் அதனை ஒரு பொருட்டாகக் கொள்ளவில்லை!

இனி, அந்த முழங்காலுக்குள் நடப்பதைக் காண்போம். தசை இழுக்குமே தவிரத் தள்ளாது. ஆதலால் மடக்க ஒரு தசையும் நீட்ட மற்றொரு தசையும் தேவை. தொடையின் பின்புறத் தசைகள் காலை மடக்கும். முன்புறத்தில் நான்கு பகுதிகளாய் அமைந்த பெருந்தசை, முழங்காற் சில்லைப் பற்றிக்கொண்டு கீழ்க்கால் எலும்பில் முடிகிறது. ஸஜ்தாவிலிருந்து நிலைக்கு எழும்போது முழங்காலை நிமிர்த்துவது அதுவே. அமரும்போது உடல் பொத்தென விழாமல் மெல்ல இறக்குவதும் அதுவே. அது நலிந்தால் எழுவது கடினமாகும்; மூட்டும் துன்புறும். எலும்பு முனைகளைப் போர்த்தியுள்ள குருத்தெலும்பில் இரத்தக் குழாய்கள் இல்லை. தேய்ந்தால் எளிதில் வளராது.

கிறீன் 1873இல் தாயகம் திரும்பி, 1884இல் மறைந்தார். அவருக்குப்பின் தமிழ்வழி மருத்துவக் கல்வி அங்கு நிலைக்கவில்லை.

சென்ற ஆண்டு, இறைச்சிக்கடை வைத்திருந்த பெரியவர் ஒருவரின் சீட்டை மருத்துவ நண்பரிடம் காட்டி விளக்கம் பெற்று, "குருத்தெலும்பு தேய்ந்திருக்கிறதாம்" என்றோம். அவர் சற்று யோசித்து, "ஆட்டுக்கால் மூட்டைப் பிரித்தால் வெள்ளையா வழுவழுன்னு இருக்குமே, அதுவா ஹஜ்ரத்?" என்றார். அதுவேதான் என்றோம்.