துடுப்பை விடாத பையன்

உலகப் போர் என்றால் நம்மில் பலருக்குத் துப்பாக்கி பிடித்த சிப்பாய்தான் நினைவுக்கு வருவான். அந்தச் சிப்பாயின் ரொட்டியையும் பெட்ரோலையும் கொண்டுபோன சரக்குக் கப்பல்காரர்களை யாரும் அதிகம் பேசுவதில்லை. அவர்கள் ராணுவம் அல்ல. சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்கள். அந்தச் சம்பளத்திலும் ஒரு கொடுமை. 1941 மே மாதம் புதுச் சட்டம் வரும்வரை, பல கம்பெனிகளில் கப்பல் மூழ்கிய நாளோடு மாலுமியின் சம்பளமும் நின்றுவிடும். படகில் தத்தளித்த நாட்களுக்குக் காசு கிடையாது!

டொனால்ட் ஓவன் கிளார்க் அப்படிப்பட்ட கப்பல்காரர்களில் ஒருவன். இங்கிலாந்தின் டர்ஹாம் பகுதியைச் சேர்ந்தவன், வயது 19. ஈகிள் ஆயில் கம்பெனியின் 'சான் எமிலியானோ' என்ற டேங்கரில் அப்ரண்டிஸ். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பயந்து சென்னையே காலியானது 1942 ஏப்ரலில். அதே ஆண்டு ஆகஸ்டில் இந்தக் கப்பல் பெட்ரோலை நிரப்பிக்கொண்டு டிரினிடாட்டிலிருந்து புறப்பட்டது. மத்தியதரைக் கடல் வழி ஆபத்தாகிவிட்டதால், எகிப்தில் இருந்த படைக்கு வேண்டியதெல்லாம் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றித்தான் போகவேண்டும்.

ஆகஸ்ட் 9 அன்று ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் இரண்டு டார்பிடோக்கள் தாக்கின. பெட்ரோல் கப்பலுக்கு வேறென்ன வேண்டும், உடனே பற்றிக்கொண்டது. கிளார்க்குக்கு முகம், கை, கால் எல்லாம் வெந்துபோயின. உருப்படியாக மிஞ்சியது ஒரே ஒரு லைஃப் போட். யார் உதவியும் இல்லாமல் அவனே அதில் ஏறிக்கொண்டான். படகு நிறையத் தீக்காயம் பட்டவர்கள். தண்ணீரில் இறங்கிய படகோ, எரியும் கப்பலை நோக்கியே திரும்பவும் மிதந்துபோனது. துடுப்புப் போடத் தெம்புள்ளவர்கள் மிகச் சிலர்தான்.

கிளார்க் ஒரு துடுப்பை எடுத்தான். இரண்டு மணி நேரம் வலித்தான், முனகல்கூட இல்லை. படகு ஆபத்தைத் தாண்டிய பிறகுதான் சாய்ந்தான். துடுப்போடு ஒட்டிப்போன சதையை வெட்டித்தான் அவன் கைகளை எடுக்க முடிந்தது. எலும்பாலேயே துடுப்பு வலித்திருக்கிறான் என்று பிற்பாடு வந்த அரசாங்க அறிவிப்பு சொல்கிறது. அதற்கப்புறம் படகின் அடித்தட்டில் படுத்தபடி, மற்றவர்கள் மனம் தளரக்கூடாது என்று பாடினானாம். எனக்கு அந்தத் துடுப்பைவிட இந்தப் பாட்டுதான் பெரிதாகத் தெரிகிறது. மறுநாள் இறந்துபோனான்.

1943 ஜூலை 20 அன்று அவனுக்கு ஜார்ஜ் கிராஸ் விருது அறிவித்தார்கள். கல்லறை கிடையாது.

அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் கப்பல்களில் நம் நாட்டு லஸ்கர்களும் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். கொதிகலன் அறை வேலை பெரும்பாலும் அவர்கள் தலையில்தான். போர் தொடங்கியபோது அவர்களுக்குச் சம்பளம், வெள்ளைக்காரருக்குக் கொடுத்ததில் ஏறக்குறைய கால் பங்கு. டார்பிடோவுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. இறந்துபோன இந்திய மாலுமிகள் 6,000 பேருக்கும் மேல். அவர்கள் பெயர்கள் மும்பையிலும் சிட்டகாங்கிலும் புத்தகங்களில் எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன.

கிளார்க்கின் பெயர் லண்டன் டவர் ஹில்லில் இருக்கிறது. கடலைத் தவிர வேறு கல்லறை இல்லாத ஏறக்குறைய 24,000 கப்பல்காரர்களின் பெயர்களை, 1955இல் திறந்த அந்த நினைவிடத்தில் கப்பல் வாரியாகப் பொறித்திருக்கிறார்கள். 'சான் எமிலியானோ'வின் கீழே, தன் கப்பல் ஆட்களோடு அவனும் இருக்கிறான்.